பழைய வண்டியும் புதிய கையும்

புதியதை வாங்க இயலாதவன் பழையதை வாங்குகிறான் என்பது உலக வழக்கு. ஆயினும், புதியதை வாங்கும் வசதி இருந்தும் பழையதையே தேடி அலைவோர் நம்மிடையே உளர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். தாம் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஊர் ஊராய் விசாரித்து, சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்கி, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றத் தொடங்குகின்றனர். வீட்டார் வியக்கின்றனர், சில வேளை சினக்கின்றனர். "ஓடுகிற வண்டி எத்தனையோ இருக்க, இந்த இரும்பு எதற்கு?" என்று தாய் கேட்கிறாள். கையில் ஸ்பேனருடன் மகன் விடை சொல்லத் தெரியாமல் நிற்கிறான்.

இதனை இளமையின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சற்றே நின்று நோக்கினால், இதனுள் அறம் சார்ந்த வினா ஒன்று பொதிந்திருப்பது புலனாகும். நான் செய்யாத ஒரு பொருளை, பிறருடைய அறிவாலும் உழைப்பாலும் உருவான ஒன்றை, விலை கொடுத்து வாங்கினேன் என்னும் ஒரே காரணத்தால், என் விருப்பம்போல் மாற்றும் உரிமை எனக்கு வந்துவிடுகிறதா? உரிமை உண்டெனில் அதன் எல்லை எது? இவ்வினா மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. வீடு, நிலம், மொழி, மரபு என முன்னோரிடமிருந்து நம் கைக்கு வரும் அனைத்துக்கும் இது பொருந்தும். எனினும் பெரிய வினாக்களைச் சிறிய பொருள்களில் வைத்துப் பார்ப்பதே தெளிவுக்கு வழி.

வண்டி சுமந்து வரும் வரலாறு

பழைய வண்டி என்றதும் நம் நாட்டில் பலர் நினைவில் எழுவது புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970ஆம் ஆண்டளவில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்துபோயிற்று. பிள்ளையோ சென்னையில் வாழ்ந்தது. எழுபது மில்லிமீட்டர் குறுக்களவும் தொண்ணூறு மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், 2000களின் இறுதியில் புதிய எஞ்சினுக்கு இடம்விடும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம் சாலைகளில் ஒலித்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் உருவாக்கிய யெஸ்டி 1996இல் நின்றது. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் அதே 1996இல் விடைபெற்றது.

இவ்வண்டிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன? செய்தவர்களின் திறமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், பெயர் எங்கும் பொறிக்கப்படாத பட்டறைக்காரர்களின் உழைப்பு. உதிரிபாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறையில் கடைந்து பொருத்தியவர்கள், தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து மீண்டும் உயிர்ப்பித்தவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே காதால் நோய் கண்டறிந்தவர்கள் என எத்தனை பேர் கைபட்டு ஒரு வண்டி நம்மிடம் வருகிறது! ஆதலின் பழைய வண்டியை வாங்குகிறவன் வெறும் இரும்பை வாங்குவதில்லை. பல கைகளின் தொடர்ச்சியில் தன் கையையும் இணைத்துக்கொள்கிறான். இதை உணர்ந்தவனுக்கும் உணராதவனுக்கும் இடையே, வண்டியைத் தொடும் முறையிலேயே வேறுபாடு தோன்றிவிடும்.

விற்பவரும் வாங்குபவரும்

முதல் அறச்சோதனை பட்டறையில் அன்று. பேரம் பேசும் இடத்திலேயே தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தமது இறையியல் பெருநூலில் வாணிகத்தைப் பற்றிச் சிந்திக்கையில், குதிரை விற்பவனை எடுத்துக்காட்டுகிறார். அக்காலத்து மோட்டார் சைக்கிள் குதிரையே அன்றோ! குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும்; அத்தகைய வெளிப்படையான குறையை விற்பவன் வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன்; விலையை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் குறை மறைவானது, வாங்குகிறவனுக்கு இழப்போ இடரோ விளைவிப்பது எனில், அதைச் சொல்லாமல் விற்பது அநீதி. நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்பதும், இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென விற்பதும் அவர் தரும் உதாரணங்கள்.

ஏழு நூற்றாண்டுகளைக் கடந்து இக்கருத்து அப்படியே நம் ஊர்ப் பட்டறைக்கு வந்து சேர்கிறது. டேங்கில் உள்ள நெளிவும் கிழிந்த இருக்கையும் ஒற்றைக்கண் குதிரையைப் போன்றவை, எவரும் காணலாம். விபத்தில் விரிசல் கண்ட சேஸிஸை வெல்டிங் செய்து, அதன்மேல் பளபளக்கும் வண்ணம் பூசி விற்பதோ கொலைக்கு நிகரான பொய். எஞ்சினின் உள்ளோசையை அடக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி, வாங்க வருகிறவனிடம் "சத்தமே இல்லை, பாருங்கள்" என்று பெருமையோடு ஓட்டிக் காட்டுவதும் அவ்வினத்ததே. தொடக்கநிலை மெக்கானிக்குக்கு இவற்றைக் கண்டறியும் கண் இன்னும் அமையவில்லை. அறியாதவனிடம் உண்மை பேசுவதே உண்மையின் உரைகல். அறிந்தவனிடம் எவனும் உண்மைதான் பேசுவான்.

வாங்குபவனுக்கும் கடமை உண்டு. பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவன் விற்கும்போது, அதைப் பொன்னென அறிந்தே பித்தளை விலைக்கு வாங்குகிறவன் அதனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்கிறார் அதே அக்குவினாஸ். இன்று பழைய புல்லட்டும் ஆர்.எக்ஸ். 100 வண்டியும் நகரங்களில் பெருவிலை பெறுகின்றன. ஊர்ப்புறத்தில் கணவனை இழந்த ஒரு மூதாட்டி, அவர் விட்டுச் சென்ற வண்டியைச் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கலாம். அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. "பழைய இரும்பு, ஆச்சி; எடைக்குத்தான் போகும்" என்று சொல்லி அதை வாங்கி வருகிறவன் கெட்டிக்காரன் என்று நண்பர்களிடையே பாராட்டப்படலாம். அவ்வண்டி அவனிடம் எவ்வளவு அழகு பெற்றாலும், அதன் அடித்தளத்தில் ஒரு களவு கிடக்கிறது.

ஆவணங்களும் அறத்தின் பகுதியே. வண்டி கைமாறினால், ஒரே மாநிலத்திற்குள்ளாயின் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பழைய பெயரிலேயே ஓட்டுகின்றனர். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நம்பி விற்றவரின் தலையில் நம் சோம்பலின் சுமையை ஏற்றுவது எவ்வகையில் நியாயம்?

இயந்திரத்தின் முன் மாணவன்

வண்டி வீடு வந்தது. இனி என் கற்பனைப்படி மாற்றுவேன் என்று இளைஞன் துடிக்கிறான். இங்கேதான் பொறுமை தேவை. மாற்றுவதற்கு முன் சீர்செய்ய வேண்டும்; சீர்செய்வதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறவன் வண்டியையும் கெடுக்கிறான்; தன்னையும் கெடுத்துக்கொள்கிறான்.

பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவதே ஒரு பாடம். வலிமையுள்ளவன் எல்லாம் கிளப்பிவிட முடியாது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் நிலை பார்த்து, டிகம்ப்ரஷரை அழுத்தி, பிஸ்டனை உரிய இடம் தாண்டச் செய்து, பிறகு முழுமையாக ஓர் உதை. முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் சொல்லும் அதன் கதையை. டேப்பட் சரிசெய்வதும் அவ்வாறே. பல வண்டிகளில் இடைவெளியைத் தகடு வைத்து அளப்பர். இந்த வார்ப்பிரும்பு எஞ்சினிலோ, குளிர்ந்த நிலையில் இடைவெளியே இன்றி, ஆயினும் புஷ்ராடு இரு விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழலும்படி அமைக்க வேண்டும். இறுக்கமும் அன்று, தளர்வும் அன்று. அந்த நடுநிலையை நூல் ஓரளவே சொல்லும். விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மனிதர்களிடம் நாம் சாக்குச் சொல்லலாம். அழுதும் சிரித்தும் அவர்களை வசப்படுத்தலாம். இயந்திரத்திடம் அது செல்லாது. பாயிண்ட் இடைவெளி தவறினால் வண்டி கிளம்பாது, அவ்வளவே. அது நம்மைப் புகழ்வதும் இல்லை, பழிப்பதும் இல்லை. தன்னைப் பற்றிய பொய்யான மதிப்பீட்டோடு வாழும் இளம் உள்ளத்திற்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது. அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் பிர்சிக், மோட்டார் சைக்கிள் பராமரிப்பை வைத்து எழுதி 1974இல் வெளியிட்ட மெய்யியல் நூலில், கழல மறுக்கும் ஒரு திருகாணியைப் பற்றி நெடிது சிந்திக்கிறார். சில காசு பெறும் திருகாணி அது. ஆனால் அது சிக்கிக்கொண்ட அந்நேரத்தில் முழு வண்டியின் மதிப்பும் அதனுள் அடங்கிவிடுகிறது. அப்போது சினங்கொண்டு முறுக்கினால் மரை போய்விடும். அங்கே நின்று, தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, மீண்டும் பார்க்கத் தொடங்குகிறவனுக்கே வழி திறக்கும்.

தாமாகக் கற்பவருக்கும் ஆசான் வேண்டும். பிறர் அனுபவத்திலிருந்து கற்கும் பணிவை விவேகத்தின் ஓர் உறுப்பாகவே அக்குவினாஸ் வைத்தார். நம் பட்டறைகளில் அழுக்குச் சட்டையோடு அமர்ந்திருக்கும் முதியவர், "தம்பி, இதை முதலில் துடைத்து வரிசையாக வை, கழற்றிய ஒழுங்கு தெரிந்தால்தான் மாட்ட வரும்" என்று சொல்லும்போது, அது வண்டிக்கு மட்டும் சொன்ன அறிவுரையாகத் தோன்றவில்லை.

இடமும் ஆசானே. தென்காசி வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் மாதங்களில், குற்றாலத்து அருவிகள் பெருகுகின்றன. பழைய வண்டிகளோ நோயுறுகின்றன. காற்றின் ஈரம் பெட்ரோல் டேங்கின் உட்புறத்தில் துருவாக இறங்குகிறது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும். நீர் புகுந்த டிரம் பிரேக் பிடிக்க வேண்டிய நொடியில் வழுக்கும். ஐந்தருவிச் சாலையின் ஈரத்திலும், புளியரை தாண்டி ஆரியங்காவு நோக்கி ஏறும் மலைவளைவுகளிலும் ஓட்டப்போகிறவன், கண்ணாடிபோல் மின்னும் டேங்குக்கு முன்பாகப் பிரேக் ஷூவையன்றோ நினைக்க வேண்டும்!

மாற்றத்தின் எல்லை

இனி மூல வினாவுக்கு வருவோம். "என் பணம், என் வண்டி, நான் எப்படியும் மாற்றுவேன்" என்பான் இளைஞன். அவன் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. மாற்றமே கூடாது எனின், இங்கிலாந்தில் பிறந்த வண்டி நம் மண்ணுக்குப் பழகியிருக்கவே முடியாது. டீசலில் ஓடிய புல்லட்டும் நம் நாட்டில் தோன்றியதே. தன் உயரத்திற்கேற்ற கைப்பிடி, தன் முதுகுக்கேற்ற இருக்கை, தன் கண்ணுக்கு இனிய வண்ணம் ஆகியவற்றை நாடுவது மனித இயல்பு. பொருளில் தன் கைத்தடத்தைப் பதிக்க விழைவது, படைப்பாற்றல் என்னும் கொடையின் ஒரு சிறு சுடர்.

ஆயினும் மாற்றங்கள் மூவகை. தேவைக்காகச் செய்வது ஒன்று. கால் ஊனமுற்ற ஒருவர் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றியமைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இது மாற்றத்தின் மிக உயர்ந்த வடிவம். அழகுக்காகச் செய்வது இரண்டாவது. எவருக்கும் தீங்கின்றி, பதிவுச் சான்றிதழில் முறையாகக் குறித்து, வண்ணம் மாற்றுவதை யார் குறைகூறுவர்? மூன்றாவது, பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்வது. சைலன்சரின் உள்தடுப்பை அகற்றி வெடியோசை எழுப்புதல், எதிரே வருகிறவர் கண் கூசும் விளக்கைப் பொருத்துதல், சேஸிஸை அறுத்து வளைத்தல் ஆகியன இவ்வகை.

மூன்றாம் வகையில் தவறு எங்கே உள்ளது? வண்டி என்னுடையது, சாலை என்னுடையதன்று. ஓசை என் வண்டியிலிருந்து பிறக்கிறது. அது சென்று சேரும் செவிகள் பிறருடையவை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோருள் கைக்குழந்தையைத் தோளில் சுமந்த தாயரும், நோயிலிருந்து தேறிவரும் முதியோரும் உளர். அருவியின் பேரோசையை விரும்பி வந்தவர்கள்மீது நம் எஞ்சினின் ஓசையைத் திணிக்க நமக்கு யார் உரிமை அளித்தார்? தன் இருப்பை அமைதியான வேலையால் நிறுவ இயலாதவனே ஓசையால் நிறுவ முயல்கிறான் என்பது கடுமையான சொல்லாயினும் பொய்யன்று.

சட்டமும் இங்கே தெளிவாகப் பேசுகிறது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. தண்டனைக்கு அஞ்சி அடங்குவது தொடக்கநிலை ஒழுக்கம். அச்சட்டம் காக்க விரும்பும் உயிரை நினைத்து அடங்குவதே முதிர்ந்த ஒழுக்கம்.

இன்னுமொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பழையதைக் காப்பது எப்போதும் நல்லது என்று கொண்டாட முடியாது. ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பெட்ரோலோடு ஆயிலையும் எரித்துப் புகை கக்குபவை. அவற்றைப் பேணுகிறவன், குப்பையில் விழவிருந்த ஒன்றைக் காத்தேன் என்று மகிழ்வதோடு, காற்றும் பொதுச்சொத்து என்பதை நினைந்து, எஞ்சினைச் செவ்வனே வைத்து, அளவோடு ஓட்டுதல் வேண்டும். பழமைமீது கொண்ட காதல் கண்ணை மறைக்கலாகாது.

உரிமையாளரா, காவலரா?

கிரேக்கரிடையே ஒரு பழம்புதிர் உண்டு. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்தனர். மரப்பலகை உளுத்துப்போகும்தோறும் புதுப்பலகை பொருத்தினர். இறுதியில் அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று மெய்யியலார் வாதிட்டனர் என்று புளூட்டார்க் குறித்துள்ளார். பழைய வண்டியைப் புதுக்குகிறவன் இப்புதிரை முற்றத்திலேயே சந்திக்கிறான். பிஸ்டன் புதிது, சக்கரம் புதிது, கம்பிகள் புதியவை. எது பழைய வண்டி? பதிவு அலுவலகம் சேஸிஸ் எண்ணைக் காட்டும். அது சட்டத்தின் விடை. அறத்தின் விடை வேறு. முன்னோர் எந்த நோக்கத்துக்காகச் செய்தனரோ அந்நோக்கம் நிலைக்குமாயின், பொருளும் நிலைக்கிறது. ஒருவரை நம்பிக்கையோடு ஏற்றிச் சென்று நலமுடன் வீட்டில் சேர்ப்பதே வண்டியின் நோக்கம். அதைக் காத்துச் செய்யும் மாற்றம் தொடர்ச்சி. அதைக் குலைத்துச் செய்யும் மாற்றம் முறிவு.

இதற்கு அயல்நாட்டுப் புதிரைவிட நெருங்கிய சான்று தென்காசியிலேயே உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் பொறித்த கல்வெட்டு ஒன்று புகழ்பெற்றது. இக்கோயிலுக்கு எக்காலத்திலேனும் ஒரு குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராயினும், அவரை நான் பணிகிறேன் என்னும் கருத்து அதில் உள்ளது. எண்ணிப் பார்க்க வேண்டிய சொல் இது. கட்டிய அரசன், தனக்குப் பின் பிறக்கப்போகும், பெயரறியாத, ஒருவேளை எளியவனான ஒரு பழுதுபார்ப்பவனுக்குத் தலைவணங்குகிறான். தன் படைப்பு அழியாது என்று அவன் இறுமாக்கவில்லை. அழியக்கூடும் என்பதை முன்னுணர்ந்தான். அக்கோயிலின் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் குறையாக நின்றதும், ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டதும் நாம் அறிந்தவை. வணக்கம் உரியவரைச் சென்று சேர்ந்தது.

செய்தவன் வணங்குகிறான், சீர்செய்பவனை. அவ்வணக்கத்துக்குத் தகுதியுடையவனாய் நடந்துகொள்வதே சீர்செய்பவனின் கடன். கோயிலுக்குச் சொன்னதை மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்துவது மிகையெனத் தோன்றலாம். ஆனால் சிறியவற்றில் நம்பிக்கைக்குரியவனே பெரியவற்றிலும் நம்பிக்கைக்குரியவன் என்பது நாம் கேட்டுப் பழகிய பாடமன்றோ!

ஆகவே, பழைய வண்டியோடு முற்றத்தில் அமர்ந்திருக்கும் இளைஞனைப் பெற்றோர் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். அவனிடம் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இதை நேர்மையாக வாங்கினாயா? மாற்றுமுன் இதைப் புரிந்துகொண்டாயா? நாளை இதை உன்னிடமிருந்து வாங்கப்போகிறவன், கண்ணை மூடிக்கொண்டு உன் வேலையை நம்பலாமா? மூன்றுக்கும் ஆம் என்று அவனால் சொல்ல முடியுமானால், கையில் படிந்த கரியைப் பற்றிக் கவலை வேண்டா. வண்டியை மாற்றும் உரிமை அவனுக்குப் பணத்தால் வந்ததன்று. பொறுமையோடும் உண்மையோடும் அவன் ஈட்டிக்கொண்டது அது.